கேன்டீன் மைக்கில் சபாபதி இறந்ததும் பிழைத்ததும்

1. என் போனை நானே எடுத்த நாள்

ஒரு திங்கட்கிழமை காலை உடம்பில் காய்ச்சல் அடிப்பது போலிருந்தது. பீர்க்கன்கரணை வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டு லீவு சொல்லலாம் என்று நினைத்தேன். நான் போகாத நாளில் போனை எடுக்க அங்கே ஆள் கிடையாதே, யார் எடுப்பார்கள் என்று யோசித்து முடிப்பதற்குள் மறுமுனையில் நானே பேசினேன்.

"வணக்கம். நீங்கள் பேச விரும்பும் பிரிவின் எண் தெரிந்தால் இப்போது அழுத்தவும்."

காய்ச்சல் அந்த நிமிடமே இறங்கிவிட்டது.

மறைமலை நகரில் கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி அது. பெரிய பெரிய பிரஸ் மெஷின்களில் டை என்கிற இரும்பு அச்சைப் பொருத்தித் தகடு அடிப்பார்கள். நான் அங்கே பதினெட்டு வருடமாக டெலிபோன் ஆபரேட்டர். ஒரு மாதத்துக்கு முன்னால் ஹெச்.ஆர். மேனேஜர் பிரபாகர் என்னை ஒரு மைக் முன்னால் உட்கார வைத்து நாலு வரி வாசிக்கச் சொல்லியிருந்தார். "ஆபீஸ் மூடினப்புறம் போடறதுக்கு மேடம்" என்றார். நானும் நம்பினேன். முதல் தடவை குரல் கரகரப்பாக வந்தது என்று நானே கேட்டு இரண்டாம் தடவை வாசித்துக் கொடுத்தேன். என் சீட்டை நானே கிழித்திருக்கிறேன், அதுவும் தேன் ஒழுக.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் நேரே பிரபாகர் அறைக்குள் நுழைந்தேன்.

"என்ன சார் இது? எனக்கு வெச்ச ஆப்பை என் கையாலயே சீவ வெச்சிட்டீங்களே!"

"மேடம், உட்காருங்க. டென்ஷன் ஆகாதீங்க. ஜி.எம். டிசிஷன். மெஷின் வந்தா ஆபரேட்டர் போஸ்ட் தேவையில்லன்னுட்டார்."

"எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் வீட்ல உக்காந்து எண் அழுத்தவும், எண் அழுத்தவும்னு சொல்லிட்டிருக்கட்டுமா?"

பிரபாகர் நல்ல மனுஷர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், மனசாட்சி உறுத்தினால் முகம் சிவந்துவிடும். அன்றைக்குக் காது வரை சிவந்தது. அவர் அப்போதுதான் ஏதோ டிரெய்னிங் போய்விட்டு வந்திருந்தார். தொழிலாளிகளுக்கு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல இலக்கியம் ஊட்ட வேண்டும் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், நீங்க கோயில்ல வாசிப்பீங்கல்ல?"

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவள் நான். "ஆமாம், அதுக்கு?"

"கேன்டீன் ஸ்பீக்கர்ல தினம் ஏழு நிமிஷம் வாசிங்க. கிளாசிக்கா ஒரு நாவல். நான் ஜி.எம். கிட்ட பேசறேன். அது கிளிக் ஆச்சுன்னா உங்க போஸ்ட்டைத் தூக்க மாட்டாங்க."

ஜி.எம். இன்ஜினியர். அவருக்குச் சோறு வேகிறதா என்று பார்ப்பதும் ஒரு டிரையல்தான். பன்னிரண்டு வாரம் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தினமும் பதினொன்றரை மணிச் சாப்பாட்டு நேரத்தில் ஏழு நிமிடம். வாசிப்பு முடியும்வரை எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேன்டீன் சூப்பர்வைசர் எண்ணி எழுத வேண்டும். பன்னிரண்டாம் வாரக் கடைசியில் அந்த எண்ணிக்கையைப் பார்த்து என்னை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவு.

2. அட்டை இல்லாத கிளாசிக்

அந்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். மிக்ஸி ஜாருக்கு மூடி வேண்டியிருந்தது. மூடி கிடைக்கவில்லை, பழைய இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை, முதல் தாள்களும் இல்லை. யார் எழுதியது, என்ன பேர் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. முன்னூறு பக்கத்துக்கு மேல் இருக்கும்.

பிரபாகர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பழுப்பா இருக்கு, கிளாசிக்தான்" என்று ஒப்புதல் கொடுத்தார்.

கதை நல்ல கதை. தாலுகா கச்சேரியில் சபாபதி என்று ஒரு குமாஸ்தா. நேர்மையான ஆள், கொஞ்சம் அசடு. மனைவி மரகதம், அவரைவிட பத்து மடங்கு புத்திசாலி. ஜமீன்தார் ஒரு பொய்ப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார், சபாபதி மறுக்கிறார். அங்கிருந்து வம்பு ஆரம்பம்.

ரிசப்ஷன் மேஜையில் மைக். கேன்டீனில் நாலு மூலையிலும் ஸ்பீக்கர். முதல் நாள் வாசித்து முடித்ததும் பிரபாகர் ஓடி வந்தார்.

"சூப்பர் மேடம். ஒண்ணே ஒண்ணு, தாள் திருப்பற சத்தம் சரக் சரக்குனு கேக்குது. மெதுவாத் திருப்புங்களேன்."

"இது தாளா சார்? அப்பளம். மெதுவாத் திருப்பினா கையோட வந்துடும்."

அந்தச் சத்தம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

3. ஜெனரல் ஷிப்ட் புத்தி

ஆபீஸ்காரர்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. எங்களுக்கு வருஷம் முழுவதும் ஜெனரல் ஷிப்ட்தான், ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை. அதனால் உலகமே ஒன்பதுக்கு வந்து ஐந்தரைக்குப் போகிறது என்று நினைப்போம்.

பிரஸ் ஷாப்பில் இரண்டு கேங். தேவராஜ் கேங், அன்வர் பாய் கேங். ஒரு கேங் காலை ஏழிலிருந்து மூன்றரை, இன்னொன்று மூன்றரையிலிருந்து பன்னிரண்டு. வாரா வாரம் மாற்றிக்கொள்வார்கள். இது பதினெட்டு வருடமாக எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? இரண்டாவது வாரம் திங்கட்கிழமை பதினொன்று நாற்பதுக்கு அன்வர் பாய் ரிசப்ஷன் கண்ணாடியைத் தட்டினார். ஐம்பது வயது, பல்லாவரம்காரர். இருநூறு டன் பிரஸ் ஓட்டுகிறவர்.

"இன்னாக்கா இது? யாரோ சபாபதின்ற, ஏதோ பத்திரம்ன்ற, அந்தம்மா அழுவுதுன்ற. யாரு இவங்கல்லாம்? ஒரு வாரமா நீ யாராண்ட கதை சொல்லிகினு இருந்த?"

போன வாரம் முழுக்கக் கேட்டது தேவராஜ் கேங். இந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்திருப்பது அன்வர் பாய் கேங். நான் பாட்டுக்கு ஏழாம் நாள் கதையை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரபாகரிடம் ஓடினேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "அட ஆமால்ல! கேசட்ல ரெக்கார்ட் பண்ணி ரெண்டு ஷிப்ட்டுக்கும் போட்டுடலாம்" என்று ஜி.எம்.மிடம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"முடியாதாம் மேடம். டிரையல் நடுவுல பாராமீட்டர் மாத்தக் கூடாதாம்."

ஆக, ஆளுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கதை. திங்கட்கிழமைதோறும் முதல் இரண்டு நிமிடம் விட்டுப் போனதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போவேன். அரைகுறைதான். ஆனாலும் ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள். எண்ணிக்கை வாரா வாரம் ஏறியது. தட்டு கழுவும் சத்தத்தைக்கூட அந்த ஏழு நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

4. சபாபதி இறந்தார்

ஐந்தாம் வாரம் சனிக்கிழமை, தேவராஜ் கேங். ஆற்றில் வெள்ளம். சபாபதி ஏறிய படகு கவிழ்ந்தது. மறுநாள் காலை உடலை மரகதத்தின் வாசலில் கொண்டுவந்து கிடத்தினார்கள். மைக்கை அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தால், கேன்டீன் சூப்பர்வைசர் தாளோடு நிற்கிறார்.

"மேடம், பாதிப் பேர் நடுவுலயே எந்திரிச்சுப் போயிட்டாங்க. அப்படியே எழுதிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தூக்கிவாரிப் போட்டது. ஏழு வாரம் மிச்சம் இருக்கிறது. ஜி.எம். எண்ணிக்கையைக் கிராஃபில் கோடு கிழித்துப் பார்க்கிற ஆள். அந்தக் கோடு ஒரே நாளில் கிணற்றில் விழுந்தது போல் இறங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் என்ன வாசித்தேன் என்றே எனக்கு நினைவில்லை.

தேவராஜ் கேங்குக்கு சபாபதி இறந்தாயிற்று. ஆனால் அன்வர் பாய் கேங்குக்கு? அவர்கள் கடைசியாகக் கேட்டபோது சபாபதி ஊருக்குப் புறப்படத் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு எதற்கு இந்தச் சாவு?

திங்கட்கிழமை புத்தகத்தை மூடி மேஜையில் வைத்துவிட்டு மைக்கைப் போட்டேன். படகு கவிழ்ந்தது, சபாபதி அடித்துச் செல்லப்பட்டார், ஒரு மீனவர் அவரைக் கரையேற்றித் தன் குடிசையில் படுக்க வைத்தார் என்று சொந்தமாக அடித்துவிட்டேன். ஒரு ஆள் எழுந்து போகவில்லை. கோடு மறுபடியும் ஏறியது.

பிரச்சினை அதற்கப்புறம்தான். பிழைக்க வைத்துவிட்டேன், பிழைத்தவரை என்ன செய்வது? வீட்டுக்கு அனுப்பினால் கதை முடிந்துவிடும். அதனால் காய்ச்சல் வர வைத்தேன். தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பேன். வண்டலூரில் ஒரு திருப்பம், கூடுவாஞ்சேரியில் ஒரு திருப்பம் யோசித்தால் பொத்தேரி வருவதற்குள் ஏழு நிமிடம் தேறிவிடும். அடுத்த வாரம் தேவராஜ் கேங்குக்குப் புத்தகத்தில் உள்ளபடி விதவை மரகதம் ஜமீன்தார் மேல் கேஸ் போடுவாள். அதற்கடுத்த வாரம் அன்வர் பாய் கேங்குக்கு சபாபதி குடிசையில் முனகிக்கொண்டிருப்பார். பாவம், அந்த மனுஷனுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை.

ஒரு கேங்குக்குத் தெரிந்தது இன்னொரு கேங்குக்குத் தெரியாது என்று நம்பினேன். ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிடம்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்களே. மறுபடியும் ஜெனரல் ஷிப்ட் புத்தி.

5. லாக் புக்

ஒவ்வொரு பிரஸ் பக்கத்திலும் ஒரு லாக் புக் தொங்கும். போகிற கேங் மெஷின் நிலவரத்தை எழுதிவிட்டுப் போக வேண்டும், வருகிற கேங் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பத்தாம் வாரம் புதன்கிழமை மூன்றரை மணிக்கு, நாலாம் நம்பர் பிரஸ் முன்னால், இரண்டு கேங் ஆட்கள் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள். விலக்கப் போனவர்களும் கட்சி பிரிந்தார்கள். பிரஸ் நாற்பது நிமிடம் நின்றது.

ஐந்து மணிக்கு ஜி.எம். அறைக்குக் கூப்பிட்டார்கள். பிரபாகர், தேவராஜ், அன்வர் பாய் மூவரும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். மேஜை மேல் லாக் புக். ஜி.எம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"தேவராஜ் கேங்: 'நாலாம் பிரஸ் ஆயில் ஒழுகுது, பாத்துக்கோ. சபாபதி போய்ச் சேந்துட்டாரு.' அன்வர் கேங்: 'ஆயில் சரி பண்ணியாச்சு. சபாபதி சாவல. குடிசைல படுத்துகினு கீறாரு.' தேவராஜ் கேங்: 'பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சது. பிரஸ் ஓகே.' அன்வர் கேங்: 'காரியம் பண்ணவன் எவன்? ஆளு இன்னிக்கு கஞ்சி குடிச்சாரு. பிரஸ் ஓகே.'"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

ஜி.எம். எழுந்து போர்டில் பெரிதாக எழுதினார்: பிரச்சினை, சபாபதி உயிரோடு இருக்கிறாரா? அதற்குக் கீழே ஒன்றிலிருந்து ஐந்து வரை நம்பர் போட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஏன்' என்று எழுதினார். எங்கள் கம்பெனியில் போல்ட் உடைந்தாலும் ஐந்து ஏன் கேட்பார்கள்.

"ஏன் நம்பர் ஒன். பிரஸ் ஏன் நின்னுது?"

"சண்டை சார்" என்றார் தேவராஜ்.

"ஏன் நம்பர் ரெண்டு. ஏன் சண்டை?"

"செத்தவர உயிரோட இருக்காருன்னு சொன்னா மனசு கேக்குமா சார்? அன்னிக்கு எங்க ஆளுங்க பாதிப் பேர் சோறே எறங்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. கதை பிடிக்காமல் எழுந்து போனார்கள் என்று நான் நினைத்தேன். அழுகையை அடக்க முடியாமல் போயிருக்கிறார்கள்.

"ஏன் நம்பர் மூணு. ஒரே புத்தகம், ஒரே ஆள் வாசிக்கறாங்க. ஏன் ரெண்டு ரிசல்ட்?"

பிரபாகருக்குக் காது சிவக்க ஆரம்பித்தது. பாவம், அவருக்கே தெரியாது.

"நான்தான் சார்" என்றேன். "கூட்டம் குறைஞ்சா என் வேலை போயிடும்னு பயந்து அன்வர் பாய் கேங்குக்குப் பொய்க் கதை சொன்னேன். சபாபதி செத்துட்டார். புத்தகத்துல தெளிவா இருக்கு."

சொல்லிவிட்டு அன்வர் பாய் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றார் அவர்.

"எப்படி?"

"முப்பது வருஷமா பிரஸ்ஸு ஓட்றேன். டை லேசா பிசகினாலே சத்தத்துல தெரிஞ்சிரும். நீ வாசிச்சா சரக்கு சரக்குனு தாள் திருப்பற சத்தம் வரும். அந்தத் திங்கக்கெழமலர்ந்து வரல. ஏழு நிமிசத்துல ஒரு தாள்கூட திருப்பல. சரி, அக்கா புக்க மூடிட்டு ரீல் உடுதுன்னு புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் பாய் சொல்லல?" என்றார் ஜி.எம். அதையும் நாலாவது ஏன் என்று போர்டில் எழுதிக்கொண்டார்.

அன்வர் பாய் ஹெல்மெட்டைக் கையில் உருட்டினார். "அந்தாளு சாவறது எனக்கும் புடிக்கல சார்."

6. மூன்றரை மணிக்கு

ஜி.எம். போர்டை விட்டு மேஜைக்கு வந்தார். பிறகு லாக் புக்கை முன்பக்கம் திருப்பி எங்களுக்குக் காட்டினார். வாசிப்பு தொடங்குவதற்கு முந்திய மாதங்களில் எல்லா நாளும் ஓகே, ஓகே, ஓகே. கையெழுத்து பாதி நாள் கிடையாது. கதை தொடங்கியதிலிருந்து பக்கம் நிறைய எழுத்து.

"போன மாசம் டை ஓரத்துல விரிசல் இருக்குன்னு எழுதினது யாரு?"

"எங்க கேங் சார்" என்றார் தேவராஜ்.

"அத யாரு பாத்தது?"

"நான்தான் சார். வந்தவொடனே புக்கதான் தொறப்பேன்" என்றார் அன்வர் பாய்.

"எதுக்கு?"

"கதைக்குத்தான்."

ஜி.எம். ஐந்தாவது ஏனை அப்படியே விட்டுவிட்டு மார்க்கரை மூடினார். "மேடம், உங்க வேலை பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல ரீவொர்க். நாளைக்கு மூணரைக்கு ரெண்டு கேங்கையும் நிறுத்தறேன். எல்லாருக்கும் ஒரிஜினல வாசிங்க."

மறுநாள் நாலாம் பிரஸ் முன்னால் நின்றேன். வேலை முடித்த கேங் ஒரு பக்கம், வேலைக்கு வந்த கேங் ஒரு பக்கம். கையில் மெகாபோன். 

"நான் பொய் சொன்னேன். அன்வர் பாய் கேங் மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படகுப் பக்கத்தைப் பிரித்தேன். வெள்ளம் வந்தது. படகு கவிழ்ந்தது. தாளைத் திருப்பினேன், சரக் என்று கேட்டது. மரகதத்தின் வாசலில் கிடத்தினார்கள்.

அன்வர் பாய் கேங்கில் ஒருத்தரும் அசையவில்லை. முந்தின நாள் சட்டையைப் பிடித்தவர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். தேவராஜ் மெதுவாக நடந்து வந்து அன்வர் பாய் தோளில் கை வைத்தார்.

"விடு பாய். நாங்க ஒரு மாசம் முன்னாடியே அழுதாச்சு. மொத ரெண்டு நாளுதான் ஒரு மாதிரி இருக்கும்."

பின்னால் ஜி.எம். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஷாப்பில் ஹெல்மெட் கழற்றினால் மெமோ என்று நோட்டீஸ் போட்டவர் அவர்தான். வியர்வை துடைத்தேன் என்று பிற்பாடு பிரபாகரிடம் சொன்னாராம்.

7. ஒன்பதை அழுத்தவும்

என் வேலை தப்பியது. டிரையல் முடிந்ததும் கேசட் வந்தது, இரண்டு கேங்கும் தினமும் ஒரே கதையைக் கேட்டார்கள். லாக் புக் புதிதாக அச்சடித்தபோது கடைசியில் 'கதை நிலவரம்' என்று ஒரு கட்டம் சேர்த்து அதற்கும் ஃபார்மட் நம்பர் கொடுத்தார்கள். போன் மெஷின் இருந்தது. அதில் என் குரல், வேறு உதவிக்கு ஒன்பதை அழுத்தவும் என்று சொல்லும். ஒன்பதை அழுத்தினால் நான் எடுப்பேன். "இதுவும் மெஷினா?" என்று கேட்டுவிட்டுச் சிலர் வைத்துவிடுவார்கள். அவர்களோடு நான் சண்டை போட்டது தனிக் கதை.

மைக் பிடிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எதிரே ஆள் தெரியவில்லை என்பதால் கேட்கிறவர் நம்மைப் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். வார்த்தை மட்டுமல்ல, மற்றதெல்லாமும் அவருக்குக் கேட்கும். எழுந்து போகிறவர் ஏன் போனார் என்று கோட்டைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நாலு வருடம் கழித்து எனக்குக் கேன்டீனில் பிரிவு உபசாரம் வைத்தார்கள். இரண்டு கேங்கும் வந்திருந்தன. மாலை போட்டு, பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். கையில் தாள் எதுவும் இல்லை.

"ரொம்ப சந்தோஷம். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நிம்மதியா வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

கடைசி வரிசையிலிருந்து அன்வர் பாய் எழுந்து கத்தினார்.

"அக்கா, தாள் சத்தம் வரல!"